விடிந்தபின் வராத தூக்கம்

சிங்கப்பூரின் ஆங் மோ கியோ தொழிற்பேட்டையில் சில்லு செய்யும் தொழில் 1980களிலிருந்தே நடக்கிறது. சிலிக்கான் வில்லைகள் வேகும் உலைகளை மாலையில் அணைத்துவிட்டு மறுநாள் காலையில் மூட்ட முடியாது. இயந்திரங்கள் இரவும் பகலும் ஓட, ஆட்கள்தான் மாறி மாறி வருகிறார்கள். இரவு ஷிஃப்ட் பார்க்கும் நம் ஆட்களிடம் பேசினால் பலரும் ஒரே குறையைத்தான் சொல்வார்கள்: "நாலு மணிக்குக் கண்ணு சொக்குது, நின்னுக்கிட்டே தூங்கிடலாம் போல இருக்கு. வீட்டுக்கு வந்து எட்டரைக்குப் படுத்தா தூக்கம் வரமாட்டேங்குது. அப்படியே வந்தாலும் பன்னண்டுக்கெல்லாம் முழிப்பு வந்துடுது."

யோசித்துப் பார்த்தால் இது விசித்திரமான குறை. விழித்திருக்க விழித்திருக்க ஏறிக்கொண்டே போகும் களைப்பு மட்டும்தான் தூக்கத்தைக் கொண்டுவருகிறது என்றால், நாலு மணியைவிட எட்டரை மணிக்குத்தான் அவர் நன்றாகத் தூங்க வேண்டும். அதற்குள் இன்னும் நாலரை மணி நேரம் கூடுதலாக விழித்திருந்து, உழைத்தும் இருக்கிறார். ஆனால் நடப்பது நேர்மாறு. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு படுக்கிறார், மனதைப் போட்டு உழப்புகிறார் என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். மூளைக்குள் அந்த நேரத்தில் எந்தெந்த ரசாயனம் ஏறுகிறது, எது இறங்குகிறது என்று பார்த்தால், அவர்மேல் பெரிதாகப் பிழை ஒன்றும் இல்லை என்பது விளங்கும்.

களைப்புக்கு ஒரு ரசாயனம் உண்டு என்ற ஊகம் நூறாண்டுக்கு மேல் பழையது. 1909இல் ஜப்பானின் நகோயாவில் குனியோமி இஷிமோரி என்ற மருத்துவர், பல நாள் தூங்கவிடாமல் வைத்திருந்த நாய்களின் மூளையிலிருந்து சாறு எடுத்து, நன்றாகத் தூங்கி எழுந்த நாய்களுக்குச் செலுத்தினார். அவை தூங்கிவிட்டன. அவரை அறியாமலே பிரான்சில் ஆன்றி பியெரோன் அதே காலத்தில் மூளைத் தண்டுவடத் திரவத்தைக் கொண்டு அதே முடிவுக்கு வந்தார். விழித்திருக்கும்போது மூளையில் ஏதோ ஒன்று சேர்கிறது, அது தூக்கத்தைக் கொண்டுவருகிறது. அந்த ஏதோ ஒன்று எது என்பதைச் சொல்ல அவர்கள் காலத்துக் கருவிகள் போதவில்லை.

இன்று நாம் நம்பும் முக்கியமான விடை, அடினோசின். உடலின் ஒவ்வொரு செல்லும் ஏடிபி என்ற மூலக்கூறை உடைத்துத்தான் வேலைக்கு வேண்டிய ஆற்றலைப் பெறுகிறது. அப்படி உடைந்து உடைந்து கடைசியில் மிஞ்சுவது அடினோசின். மூளை விழித்து வேலை செய்யும் நேரமெல்லாம் இது செல்களுக்கு இடையே உள்ள திரவத்தில் சேர்கிறது, தூங்கும்போது குறைகிறது.

இதை எப்படிக் கண்டார்கள் என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும். 1997இல் தர்யா போர்க்கா-ஹெய்ஸ்கனென், ராபர்ட் மெக்கார்லி ஆகியோர் அமெரிக்காவில் பூனைகளை வைத்துச் செய்த சோதனை இது. மூளையின் தேர்ந்தெடுத்த ஓரிடத்தில் மிக நுண்ணிய குழாய் ஒன்றைப் பொருத்துவார்கள். அதன் நுனியில் நுண்துளைச் சவ்வு இருக்கும். மூளைத் திரவத்தை ஒத்த உப்புநீர் குழாயின் ஒரு வழியாக மெல்ல உள்ளே போய் இன்னொரு வழியாக வெளியே வரும். செல்களுக்கு இடையில் உலவும் சிறிய மூலக்கூறுகள் சவ்வைக் கடந்து அந்த நீரில் கலக்கும். வெளியே வரும் துளிகளைக் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு முறை பிடித்து, ஒவ்வொன்றிலும் அடினோசின் எவ்வளவு என்று அளந்தார்கள். சிறுநீரக நோயாளிகளுக்குச் செய்யும் டயாலிசிஸின் தத்துவம்தான்; அளவு மட்டும் மிகச் சிறியது. அதனால் இதை நுண் டயாலிசிஸ் என்கிறோம். பூனையை ஆறு மணி நேரம் தூங்கவிடாமல் வைத்தபோது முன்மூளையின் அடிப்பகுதியில் அடினோசின் மணிக்கு மணி ஏறியது. தூங்க விட்டதும் மெல்ல இறங்கியது. விழித்திருக்கும் பூனைக்கு அதே இடத்தில் அடினோசின் அளவைச் செயற்கையாக ஏற்றினால், விழிப்புக் குறைந்து தூங்கியது. ஏறுவதும் தெரிந்தது, ஏற்றினால் தூக்கம் வருவதும் தெரிந்தது. இந்த இரண்டாவது படி இல்லாவிட்டால், தூக்கமும் அடினோசினும் ஒன்றாக நடக்கின்றன என்று மட்டுமே சொல்லியிருக்க முடியும்.

அடினோசின் தன் வேலையைச் செய்ய நரம்புச் செல்லின் மேலுள்ள ஏற்பிகளில் போய் அமர வேண்டும். ஏற்பி என்பது குறிப்பிட்ட மூலக்கூறு வந்து பொருந்துவதற்கென்றே செல்லில் இருக்கும் புரதம். இங்கேதான் கோப்பி உள்ளே வருகிறது. ஆங் மோ கியோ உணவங்காடியில் மதிய நேரத்தில் டிஷ்யூ பாக்கெட்டை மேசைமேல் வைத்து இடம் பிடிப்பதைப் பார்க்காதவர் இருக்க முடியாது. பாக்கெட் சாப்பிடுவதில்லை, ஆனால் அது இருக்கும்வரை வேறு யாரும் அங்கே உட்கார்ந்து சாப்பிட முடியாது. கோப்பியில் உள்ள காஃபின் செய்வது அதுதான். அடினோசினுக்கு உரிய ஏற்பியில் அமர்ந்துகொள்கிறது. அடினோசின் கொடுக்க வேண்டிய தூக்கச் செய்தியை அது கொடுப்பதில்லை. தட்டைக் கையில் ஏந்திய கூட்டம் சுற்றிலும் கூடிக்கொண்டே போகும். காஃபின் விலகியதும் அத்தனை பேரும் ஒரேயடியாக உட்காருகிறார்கள். கோப்பி களைப்பைப் போக்குவதில்லை, களைப்பு தெரியாமல் வைக்கிறது என்று சொல்வது இதனால்தான். ஜப்பானில் ஒசாகா ஆய்வாளர்கள் 2005இல் இதை எலிகளில் உறுதிசெய்தார்கள். அடினோசினின் ஏ2ஏ என்ற வகை ஏற்பி இல்லாமலே பிறக்கும்படி செய்த எலிகளுக்குக் காஃபின் கொடுத்தால், அவை கூடுதலாக விழித்திருக்கவே இல்லை. பிடித்து வைக்க இடமே இல்லை.

நம்மூர்க் கோப்பிக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கறுக்க வறுக்கும் கோப்பிக் கொட்டை பெரும்பாலும் ரொபஸ்டா. அரபிகாவைவிட அதில் காஃபின் ஏறக்குறைய இரண்டு மடங்கு. குடித்த காஃபினில் பாதியை ஈரல் அப்புறப்படுத்தவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். அமெரிக்காவில் 2013இல் நடந்த ஓர் ஆய்வில், படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபின் எடுத்தவர்களுக்குக்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்தது. அதிகாலை ஐந்து மணிக்கு ஷிஃப்டை ஓட்டுவதற்காகக் குடிக்கும் கெட்டியான கோப்பி ஓ, எட்டரை மணிக்குப் படுக்கும்போதும் ரத்தத்தில் பாதிக்கு மேல் இருக்கும்.

ஆனால் கோப்பியே குடிக்காதவருக்கும் எட்டரை மணிக்குத் தூக்கம் வரத் தாமதமாகிறதே. புதிருக்கு அடினோசின் மட்டும் போதாது. மூளையை விழிக்கவைக்கும் தரப்பையும் பார்க்க வேண்டும்.

முதல் உலகப் போர்க் காலத்தில் ஒரு விநோதமான மூளைக் காய்ச்சல் பரவியது. பலர் வாரக்கணக்கில் தூங்கிக்கொண்டே இருந்தார்கள்; சிலருக்குத் தூக்கமே வரவில்லை. வியன்னாவின் கான்ஸ்டன்டின் வான் எகோனோமோ இறந்தவர்களின் மூளைகளைச் சோதித்தார். தூங்கியே கிடந்தவர்களுக்கு ஹைபோதலாமஸ் என்ற பகுதியின் பின்பக்கம் சிதைந்திருந்தது. தூக்கம் தொலைத்தவர்களுக்கு அதன் முன்பக்கம். உள்ளங்கைக்குள் அடங்கும் இடத்தில் பின்னால் விழிப்பும் முன்னால் உறக்கமும் இருக்கின்றன என்று அவர் ஊகித்தார். அது சரியாகவே இருந்தது. பின்பக்கத்துச் செல்கள் ஹிஸ்டமினைச் சுரக்கின்றன என்று பிற்பாடு தெரிந்தது. சளிக்கும் அரிப்புக்கும் போடும் பழைய வகை மாத்திரைகள் தூக்கத்தைத் தருவது இதனால்தான். மூக்கில் ஹிஸ்டமினைத் தடுக்கும் அதே மருந்து மூளைக்குள்ளும் நுழைந்து அங்குள்ள ஹிஸ்டமினையும் தடுத்துவிடுகிறது. முன்பக்கத்துச் செல்கள் காபா என்ற அடக்கும் ரசாயனத்தைச் சுரந்து, விழிப்புச் செல்கள் அத்தனையையும் அமர்த்துகின்றன. விழிப்புச் செல்களும் பதிலுக்கு அவற்றை அடக்குகின்றன. இரண்டும் ஒன்றையொன்று அடக்குவதால் மூளை அரைத்தூக்கத்தில் நீண்ட நேரம் நிற்பதில்லை. சில நொடிகளில் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது.

விழிப்பின் ரசாயனங்கள் பல. மூளைத்தண்டில் நீலப்புள்ளி என்று சொல்லத்தக்க ஓரிடம் இருக்கிறது. சில பத்தாயிரம் செல்கள்தாம். ஆனால் மூளையின் பெரும்பகுதிக்கும் நார்அட்ரினலின் இங்கிருந்துதான் போகிறது. கேரி ஆஸ்டன்-ஜோன்ஸ், ஃபிளாய்ட் புளூம் இருவரும் 1981இல் எலிகளின் நீலப்புள்ளிச் செல்களின் மின்துடிப்பைத் தூக்கத்திலும் விழிப்பிலும் பதிவு செய்தார்கள். விழித்திருக்கும்போது அவை துடித்தன. ஆழ்ந்த தூக்கத்தில் குறைந்தன. கனவு வரும் கட்டத்தில் அநேகமாக நின்றே போயின. எலி விழிப்பதற்குச் சற்று முன்பே துடிப்பு ஏறத் தொடங்கியதுதான் என்னை மிகவும் கவர்ந்த விஷயம். விழிப்பால் அவை துடித்திருந்தால் பிற்பாடுதான் ஏறியிருக்கும். செரோடோனினைச் சுரக்கும் செல்களும் அநேகமாக இதே ஒழுங்கில்தான் நடக்கின்றன.

அசிட்டைல்கோலின் இந்த ஒழுங்குக்குக் கட்டுப்படாதது. விழிப்பில் அதிகம், ஆழ்துயிலில் குறைவு, கனவுத் தூக்கத்தில் மறுபடி அதிகம். கண்கள் மூடிய இமைக்குள் வேகமாக அசையும் இந்தக் கட்டத்தைப் பற்றி யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியேல் கிளைட்மனும் 1953இல் ஆய்வு வெளியிட்டார்கள். கனவு காணும் மூளையின் மின்னலைகளை மட்டும் பார்த்தால் விழித்திருக்கும் மூளை என்றே தோன்றும். ரசாயனத்தைப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும்: விழிப்பில் அசிட்டைல்கோலினும் நார்அட்ரினலினும் செரோடோனினும் சேர்ந்திருக்கின்றன, கனவில் அசிட்டைல்கோலின் தனியாக இருக்கிறது. கனவில் கண்டது எழுந்த சில நிமிடங்களில் மறந்துபோவதற்கு, நினைவைப் பதிய உதவும் நார்அட்ரினலின் அப்போது இல்லாததும் ஒரு காரணமாகலாம் என்று பலர் கருதுகிறார்கள். இது கருதுகோள்தான்.

நார்அட்ரினலின் செல்கள் கனவுத் தூக்கத்தில் கட்டாயம் ஓய வேண்டுமா? டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பிரேந்திர நாத் மல்லிக் பல ஆண்டுகள் இந்தக் கேள்வியையே பிடித்துக்கொண்டிருந்தார். எலிகளுக்கு மற்ற தூக்கத்தை விட்டுவைத்துக் கனவுத் தூக்கத்தை மட்டும் தடுத்தால், நார்அட்ரினலின் குறையாமல் மூளையில் கூடுகிறது. நரம்புச் செல்கள் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் உள்ளும் புறமும் மாற்றும் நொதியின் வேகம் கூடுகிறது. செல்கள் எளிதில் தூண்டப்படுகின்றன. நார்அட்ரினலினின் ஏற்பியைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது இந்த மாற்றம் நேரவில்லை. இரவின் கடைசிப் பகுதியில்தான் கனவுத் தூக்கம் அதிகம். பாதித் தூக்கத்தில் எழுகிறவர்கள் இழப்பது பெரும்பாலும் இதைத்தான்.

ஆழ்துயிலிலும் நார்அட்ரினலின் ஒரேயடியாக ஓய்ந்து கிடப்பதில்லை என்பது அண்மைச் செய்தி. பெய்ஜிங்கில் யூலோங் லி குழுவினர், குறிப்பிட்ட ரசாயனம் வந்து ஒட்டியதும் ஒளிரும் புரதங்களை 2018 முதல் உருவாக்கி வருகிறார்கள். அவற்றை எலியின் மூளைக்குள் வைத்து, நொடிக்கு நொடி ஒளி ஏறி இறங்குவதைப் பார்க்கலாம். நிமிடக்கணக்கில் சேர்த்த துளியை அளக்கும் நுண் டயாலிசிஸுக்கு இது எட்டாதது. பார்த்தபோது, ஆழ்துயிலில் நார்அட்ரினலின் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. இந்த ஏற்ற இறக்கம் பெரிதாக இருந்த எலிகள் கற்றதை நன்றாக நினைவில் வைத்தன என்று கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் 2022இல் காட்டினார்கள்.

இத்தனை ரசாயனங்களையும் விழிப்பின் பக்கம் உறுதியாக நிறுத்தி வைப்பது ஓரெக்சின். 1998இல்தான் இரண்டு குழுக்கள் தனித்தனியே இதைக் கண்டன. மறு ஆண்டே, விளையாடிக்கொண்டிருக்கும்போது கால் மடிந்து விழுந்து தூங்கிவிடும் டாபர்மேன் நாய்களுக்கு ஓரெக்சின் ஏற்பியின் மரபணு பழுதாகியிருப்பதை ஸ்டான்ஃபோர்டின் இம்மானுவேல் மினியோ குழு கண்டுபிடித்தது. 2000இல், பகலில் அடக்க முடியாமல் தூங்கிவிழும் நார்கோலெப்ஸி நோயாளிகளின் மூளையில் ஓரெக்சின் செல்களே அழிந்திருப்பது தெரிந்தது. சோம்பேறிகள் என்று பெயர் வாங்கிய எத்தனையோ பேர் இழந்திருந்தது சில பத்தாயிரம் செல்களை.

இனிப் புதிருக்கு வருவோம். இந்த விழிப்புச் செல்களுக்கெல்லாம் நேரம் சொல்வது, கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 செல்கள் கொண்ட உடல் கடிகாரம். அணில் குரங்குகள் நம்மைப் போலப் பகலில் விழித்து இரவில் தூங்குபவை. 1993இல் ஸ்டான்ஃபோர்டில் அவற்றின் உடல் கடிகாரத்தை நீக்கிப் பார்த்தபோது, அவை நாளொன்றுக்கு நாலு மணி நேரம்போல அதிகமாகத் தூங்கின. கடிகாரம் தூக்கத்துக்கு நேரம் குறிப்பதோடு நிற்பதில்லை. நாள் முழுவதும் விழிப்பைத் தாங்கிப் பிடிக்கவும் செய்கிறது என்று இதிலிருந்து தெரிந்தது. அதே வகைக் குரங்குகளின் தண்டுவடத் திரவத்தில் ஓரெக்சின், பகலின் கடைசிப் பகுதியில்தான் உச்சத்துக்குப் போகிறது. அடினோசின் ஏற ஏற, கடிகாரமும் தன் தாங்கலைக் கூட்டுகிறது. நாம் மாலைவரை அநேகமாக ஒரே தெளிவோடு இருப்பது இந்த இரண்டும் ஈடுகொடுப்பதால்.

நள்ளிரவுக்குப் பின் கடிகாரத்தின் தாங்கல் போய்விடுகிறது. இருட்டியதும் பினியல் சுரப்பி வெளியிடத் தொடங்கிய மெலட்டோனின் ரத்தத்தில் நிறைந்திருக்கிறது. உடல் வெப்பம் நாலு, ஐந்து மணிவாக்கில் மிகக் குறைவு. அடினோசின் அதிகம், எதிர்த்து நிற்க எதுவும் இல்லை. ஷிஃப்ட் ஆளுக்குக் கண் சொக்குவது அப்போதுதான். ஏழு மணிக்கு மேல் கடிகாரம் மறுபடி விழிப்பைத் தூக்கிப் பிடிக்கத் தொடங்குகிறது, கார்ட்டிசால் ஏறுகிறது, மெலட்டோனின் வடிகிறது. அடினோசின் இன்னும் கூடியிருந்தும் படுத்தவருக்குத் தூக்கம் வரத் தாமதமாவது இதனால். எப்படியோ தூங்கிவிட்டால் மூன்று மணி நேரத்தில் அடினோசின் கணிசமாகக் குறைந்துவிடும். அதற்குள் கடிகாரத்தின் தாங்கலோ உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். பன்னிரண்டு மணிக்கு முழிப்பு வருவதில் வியப்பில்லை.

சிங்கப்பூரின் சூரியன் இதை இன்னும் சிக்கலாக்குகிறது. 1982 ஜனவரி 1 முதல் நம் நேரம் கிரீன்விச்சுக்கு எட்டு மணி நேரம் முன்னே. தீவு இருக்கும் தீர்க்கரேகைப்படி அது ஏழு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். அதனால் இங்கே ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டித்தான் விடிகிறது. இரவு ஷிஃப்ட் முடிந்து பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும் நேரமும் அதுவே. விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட செல்கள், குறிப்பாக நீல ஒளிக்கு, நேரே உடல் கடிகாரத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. வீடு போய்ச் சேருமுன்பே பகல் தொடங்கிவிட்டது என்று மூளைக்குத் தகவல் போய்விடுகிறது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. பதின்ம வயதில் உடல் கடிகாரம் தாமதமாக ஓடுகிறது, பள்ளியோ ஏழரைக்குத் தொடங்குகிறது. விடியுமுன்பே எழ வேண்டும். டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியில் மைக்கேல் சீ, ஜோஷுவா கூலி குழுவினர் இங்குள்ள பதின்ம வயதினரை ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணி நேரம் மட்டும் படுக்கவிட்டார்கள். கவனம் நாளுக்கு நாள் சரிந்தது. பிறகு இரண்டு இரவு ஒன்பது மணி நேரம் படுத்தும் பழைய நிலைக்கு முழுமையாக வரவில்லை. நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி 2016இல் தொடக்க நேரத்தை 45 நிமிடம் தள்ளிவைத்தபோது மாணவிகளின் தூக்கம் கூடியது. ஒன்பது மாதம் கழித்தும் அந்தக் கூடுதலில் ஒரு பகுதி நிலைத்திருந்தது.

இரவு ஷிஃப்ட் ஆளுக்கு என்ன வழி? சிகாகோவின் சார்மேன் ஈஸ்ட்மன் குழு இதற்கு ஆய்வுக்கூடத்தில் ஒரு முறையைச் சோதித்தது. ஷிஃப்டின் முற்பாதியில் விட்டு விட்டுப் பிரகாசமான ஒளி. வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி. படுக்கையறையில் நல்ல இருட்டு. விடுமுறை நாளிலும் தாமதமாகப் படுத்துத் தாமதமாக எழுவது. உடல் கடிகாரம் முழுவதும் புரளாவிட்டாலும், மிகவும் தூக்கம் சொக்கும் நேரம் வேலை நேரத்தைத் தாண்டிக் காலை பத்து மணிவாக்கிற்கு நகர்ந்தது. பகல் தூக்கம் நீண்டது. பேருந்திலோ ரயிலிலோ போகிறவர்கள் கண்ணாடி அணியலாம். தூக்கக் கலக்கத்தோடு மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் அதைச் செய்யக் கூடாது. கோப்பியை ஷிஃப்டின் முற்பாதியிலேயே முடித்துக்கொள்வதும் உதவும்.

ஆனால் கடிகாரம் நாளொன்றுக்கு ஓரிரு மணி நேரத்துக்கு மேல் நகராது. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை பகல், இரவு என்று மாற்றிப் போடும் பணி அட்டவணையில் இந்த முறை பலிக்க வழியில்லை. ஆளுக்கு எத்தனை இரவு என்று கணக்குப் பார்க்கும் மேற்பார்வையாளர்கள், எந்த வரிசையில் அந்த இரவுகள் வருகின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.